உவமை பொருந்தவில்லை: தொடக்கநிலை 5 மாணவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தொடக்கப்பள்ளியில் 22 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நான்கு பிள்ளைகளாக உட்காரவைத்துத் துணைப்பாடம் நடத்துகிறேன். நான் உளவியல் படித்தவள் அல்ல. மருத்துவம், ஆலோசனை பற்றி இங்கே வருவதெல்லாம் அந்தந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லி நான் குறித்துவைத்தவை. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மதிப்பெண்களை மாற்றவில்லை. பையனிடமும் படிக்கக் கொடுத்தேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

அவன் என்னிடம் வந்தது 2022 நவம்பரில். அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை 5. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அம்மா, இரண்டாம் வகுப்பு போகவிருந்த தங்கை. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அம்மா ஒரு மருந்தகத்தின் முகப்பில் வேலை செய்கிறார். சத்தம் போடும் வீடு அல்ல, அடிக்கும் வீடு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதையைக் கேட்டதும் எல்லாரும் தேடுவது ஒரு கெட்டவரைத்தான்.

அம்மா இங்கேயே பிறந்து படித்தவர். அவர் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியது பழைய டி-ஸ்கோர் காலத்தில். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, கடைசி மதிப்பெண் வரைக்கும் வரிசைப்படுத்துகிற முறை அது. 2021இல் அது போய் அடைவுநிலை (ஏஎல்) வந்தது. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏஎல்1, 85 முதல் 89 வரை ஏஎல்2, 80 முதல் 84 வரை ஏஎல்3, 75 முதல் 79 வரை ஏஎல்4, 65 முதல் 74 வரை ஏஎல்5, 45 முதல் 64 வரை ஏஎல்6, 20 முதல் 44 வரை ஏஎல்7, அதற்குக் கீழே ஏஎல்8. நான்கு பாடத்தையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, மிக மோசமானது 32. பக்கத்துப் பிள்ளை எவ்வளவு எடுத்தது என்பது இதில் கணக்கில்லை. பிள்ளைகளை ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்பதுதான் நோக்கம்.

நோக்கம் வேறு, வீடு வேறு. அந்த அட்டவணை அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிமேல் மெர்லயன் காந்தத்தால் ஒட்டியிருந்தது. ஆங்கிலம் 2, தமிழ் 2, அறிவியல் 3, கணிதம் 4, ஆகமொத்தம் 11 என்று அம்மா மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். பையன் அப்போது கணிதத்தில் எடுத்துக்கொண்டிருந்தது 50, 52. "64 எடுத்தா ஆறு, 65 எடுத்தா அஞ்சு. ஒரு மார்க் எப்பவும் ஒரு மார்க்குதானே டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கணக்கு சரிதான்.

திங்கள் ஆங்கிலம், செவ்வாய் என்னிடம் தமிழ், புதன் கணிதம், வியாழன் அறிவியல், சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இன்னொருவர் மறுபடியும் கணிதம். ஞாயிறு அம்மாவோடு பயிற்சிப் புத்தகம். மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போனது. படுப்பது பதினொன்றரை, எழுவது ஐந்தே முக்கால். ஆறேகால் மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு.

முதலில் கண்டவை (2023 மார்ச் – ஏப்ரல்)

முதலில் என் கண்ணில் பட்டது அழிப்பான். புதிதாக வாங்கிய வெள்ளை அழிப்பான் இரண்டு வாரத்தில் பட்டாணி அளவு ஆகிவிடும். ஒரு சொல்லை எழுதுவான், அழிப்பான், அதே சொல்லையே திரும்ப எழுதுவான், மறுபடியும் அழிப்பான். தாள் நைந்து கிழியும். கிழிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பான். மேசையெங்கும் அழிப்பான் தூள். மற்ற பிள்ளைகள் ஊதி விளையாடுவார்கள், அவன் ஒன்றுவிடாமல் கூட்டி உள்ளங்கையில் வைத்துக்கொள்வான்.

அடுத்தது கழிவறை. நேரம் வைத்துப் பயிற்சி என்று சொல்லி நான் கடிகாரத்தை எடுத்தால் போதும், "டீச்சர், டாய்லெட் போகலாமா?" என்று கை தூக்குவான். எட்டு நிமிடம், பத்து நிமிடம். ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்று சொன்னேன். அந்தக் குரல் இப்போதும் எனக்கே கேட்கிறது.

மார்ச் கடைசியில் இடது புருவத்தின் வெளிமுனையில் முடி இல்லை. பாட்டி விளக்கெண்ணெய் தடவியிருந்தார். சூடு என்றார், திருஷ்டி என்றார். ரிவர்வேல் கிரசெண்ட்டில் இருக்கும் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்துக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்து விபூதியும் பூசிவிட்டார். பாட்டியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ சரியில்லை என்று அந்த வீட்டில் முதலில் உணர்ந்தவர் அவர்தான்.

ஏப்ரல் நடுவில் ஒரு படக்கட்டுரை கொடுத்தேன். உணவங்காடி நிலையத்தில் ஒரு பையன் ஈரத்தரையில் வழுக்கி விழுகிறான், கூட்டம் கூடுகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, மருத்துவமனைக் கட்டிலில் காலில் கட்டோடு கிடக்கிறான். தமிழ் கற்பிப்பவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் இதில் என்ன எழுதுவார்கள் என்று. மனப்பாடம் செய்த உவமைகளில் ஒன்றிரண்டைச் செருகி, "அனலில் இட்ட மெழுகு போல அம்மா துடித்தார்" என்று முடிப்பார்கள். இவன் கடைசிப் பத்தியில் எழுதியது இது:

"மருத்துவர் அவன் கால் உடைந்துவிட்டது என்றும் ஒரு மாதம் பள்ளிக்குப் போகக்கூடாது என்றும் கூறினார். அதைக் கேட்ட அவன் உள்ளங்கை நெல்லிக்கனி போல மகிழ்ச்சி அடைந்தான்."

உள்ளங்கை நெல்லிக்கனி என்றால் தெள்ளத்தெளிவாகத் தெரிவது. மகிழ்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் "உவமை பொருந்தவில்லை" என்று எழுதி, 40க்கு 26 போட்டுக் கொடுத்துவிட்டேன். வாக்கியம் என்ன சொல்கிறது என்று நான் படிக்கவே இல்லை.

உறுத்தல்

இரண்டு வாரம் கழித்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். செவ்வாய் வகுப்புக்கு வரமாட்டான், வயிற்று வலி, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்திருக்கிறோம் என்றார். அந்த மாதத்தில் மூன்றாவது எம்சியாம். பேச்சோடு பேச்சாக, "சனி ஞாயிறு நல்லாத்தான் இருக்கான் டீச்சர், திங்கக்கிழமை காலைலதான் சுருண்டு படுத்துக்கிறான்" என்றார்.

அழைப்பு முடிந்ததும் கட்டுரைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கால் உடைந்ததில் மகிழ்ச்சி அடைந்த அந்தப் பையன் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

முடிவு ஒன்று: வீட்டாரிடம் பேசுவது (மே)

பள்ளிக்குச் சொல்வதா, வீட்டுக்குச் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். துணைப்பாட ஆசிரியை பள்ளியை நேரடியாகத் தொடர்புகொள்வது முறையல்ல. அதனால் அம்மாவைத் தனியாகச் சந்திக்கக் கேட்டேன். என் புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக் எனப்படும் திறந்த தரைத்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் உட்கார்ந்தோம். கட்டுரையைக் காட்டினேன். பையனிடம் கேட்காமல் காட்டினேன். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அம்மா இரண்டு முறை படித்தார். பிறகு, "எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தானே படிக்கிறாங்க? இவன் மட்டும் ஏன்?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் என்பது மிகைப்பேச்சு என்று ஒதுக்க முடியாது. 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவழித்தன. ஐந்து ஆண்டுக்கு முன்பு அது 1.4 பில்லியன். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு என் வீட்டுக்கும் வருகிறது, மறைக்க என்ன இருக்கிறது. இவன் மட்டுமா என்பதற்கும் விடை உண்டு. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2015 பீசா ஆய்வில், நன்றாகத் தயாரித்திருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 76 விழுக்காடு. வளர்ந்த நாடுகளின் சராசரி 55. அவர்கள் 15 வயதுப் பிள்ளைகள். இவனுக்கு 11.

அன்றைக்கு மூன்று விஷயங்கள் பேசி முடித்தோம். முதலில் மருத்துவரிடம் முறையாகக் காட்டுவது. மனக்கவலைதான் என்று நாமே தீர்மானித்துவிட்டு, உண்மையான நோயைத் தவறவிடக்கூடாது. அடுத்து வகுப்பாசிரியர் வழியாகப் பள்ளி ஆலோசகரைப் பார்ப்பது. இதற்கு அம்மா தயங்கினார். "ரெக்கார்டுல ஏறிடுமா, நல்ல ஸ்கூல் கிடைக்காமப் போயிடுமா?" என்று கேட்டார். உயர்நிலை 1 இடம் ஒதுக்குவது பிஎஸ்எல்இ மதிப்பையும் குடும்பம் தரும் பள்ளி வரிசையையும் வைத்துத்தான், ஆலோசகரைப் பார்த்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றேன். முழுதாக நம்பவில்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். மூன்றாவது, துணைப்பாடத்தைக் குறைப்பது.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் கேட்ட கேள்விகளை அம்மா எனக்கு அனுப்பினார். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? எடை குறைந்திருக்கிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? காய்ச்சல், நிற்காத வாந்தி? எதுவும் இல்லை, வளர்ச்சி சரியாக இருந்தது. பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொன்னாராம்: வலி பொய் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியே ஓயாத பேச்சுவார்த்தை உண்டு. பயம் வந்தால் குடல் இறுகும், வலிக்கும், கழிவறைக்கு ஓட வைக்கும். "நடிக்கிறான்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாராம். எனக்கு அந்தக் கழிவறைக் கதவு நினைவுக்கு வந்தது.

முடிவு இரண்டு: துணைப்பாடத்தை நிறுத்தியது, அது தவறாகப் போனது (ஜூன் – ஜூலை)

ஜூன் விடுமுறையின் முதல் சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசி, ஆங்கிலம், அறிவியல், இரண்டு கணிதம் ஆகிய நான்கையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். என் வகுப்பு மட்டும் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. இவ்வளவு சீக்கிரம் கேட்டுக்கொண்டார்களே என்று வியந்தேன். விடுமுறை முழுக்க வயிற்று வலி இல்லை.

ஜூன் கடைசியில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே இரண்டு நாள் போகவில்லை. ஜூலை தொடக்கத்தில் வலது புருவத்திலும் பாதி போய்விட்டது.

என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. சுமையை இறக்கியாயிற்று, தூக்கம் கூடியிருக்கிறது, பிறகு ஏன்? ஒரு செவ்வாய்க்கிழமை மற்ற மூவரும் போன பிறகு அவன் அப்பாவுக்காகக் காத்திருந்தான். தட்டில் முறுக்கு வைத்தேன். முறுக்கை ஒவ்வொரு சுற்றாக உடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

"நான் மக்கு டீச்சர். அதான் காசு வேஸ்ட்டுன்னு நிறுத்திட்டாங்க."

அவனிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு வகுப்பு இருந்தது, அடுத்த திங்கள் இல்லை. மதிப்பெண் குறைந்ததும் நின்றுபோனது; அவன் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். 11 வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கும் காரணம் எப்போதும் தன்னையே குற்றம் சொல்வதாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. வியாழக்கிழமை அறிவியல் வகுப்பில் அவனுக்கு ஒரு சிநேகிதன். வகுப்பு முடிந்து இருவரும் செவன் இலெவனில் ஆளுக்கொரு ஸ்லர்பி வாங்கிக் குடித்துக்கொண்டே நடந்து வருவார்கள். வாரத்தில் அவன் பெரியவர்கள் துணையின்றி நடக்கும் 15 நிமிடம் அதுதான். சுமை என்று நாங்கள் நினைத்து இறக்கியதோடு அதுவும் போய்விட்டது.

நிறுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் அவனைக் கேட்கத் தோன்றவில்லை.

முடிவு மூன்று: பள்ளி ஆலோசகர் (ஜூலை – செப்டம்பர்)

புருவத்தைப் பார்த்து வகுப்பாசிரியரே அம்மாவை அழைத்தார். அதனால் தள்ளிப்போட்டது தானாக நடந்தது. ஆலோசகர் பையனை வாரம் ஒருமுறை, ஓவியப் பாட நேரத்தில் அல்லாமல் வேறு நேரத்தில் பார்த்தார். ஓவியம் அவனுக்குப் பிடித்த பாடம், அதிலிருந்து எடுக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாராம். இந்தச் சின்ன விஷயத்திலேயே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

கட்டுரை விவரம் தெரிந்ததும் அவர் முதலில் நேராகக் கேட்ட கேள்வி, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ள நினைத்ததுண்டா என்பது. அம்மா பதறிப்போனார், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று. கேட்பதால் எண்ணம் வராது, கேட்காவிட்டால்தான் தனியாக வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஆலோசகர் விளக்கினார். பையன் இல்லை என்றான். கால் உடைந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், அதனால் எழுதினேன் என்றான். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் மனநலக் கழகத்தின் ரீச் குழுவிடம் ஆலோசனை கேட்பதாகச் சொல்லிவைத்தார். பள்ளிகளுக்குத் துணைநிற்கும் குழு அது. அந்த அளவுக்குப் போகவில்லை. சிறுவர்கள் தாங்களே அழைத்துப் பேசக்கூடிய டிங்கிள் ஃபிரண்ட் எண் எழுதிய அட்டை ஒன்றும் கொடுத்தார், 1800-2744-788. பென்சில் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்துக்கொண்டான். அழைத்தானா தெரியாது, நான் கேட்கவில்லை.

எனக்குப் புதிதாக இருந்தது எம்சி பற்றி அவர் சொன்னது. வயிறு வலிக்கிறது, வீட்டில் இருக்கிறான், பத்து மணிக்கு வலி நிற்கிறது. வீட்டில் இருந்ததால்தான் நின்றது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வலிக்கும். அதனால் பாதி நாளாவது, ஆலோசகர் அறையில் முதல் பாடவேளையைக் கழித்தாவது, பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இரக்கம் இல்லாததுபோல் தோன்றும். பாட்டி சண்டைக்கே போய்விட்டார். ஆனால் ஆகஸ்டில் ஒரே ஒரு நாள்தான் போகவில்லை.

புருவ முடியை அவன் பிடுங்கிக்கொள்வதைப் பற்றி யாரும் வாயெடுக்கக்கூடாது என்றார். "கையை எடு" என்று சொல்லச் சொல்லக் கை அங்கேயேதான் போகும். பதிலுக்குக் கையில் உருட்ட ஒரு களிமண் உருண்டை. என் வகுப்பிலும் அதை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மற்ற மூவரும் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். சரி, நான்கு உருண்டை வாங்கினேன்.

என் பங்குக்கு நான் மாற்றியவை இரண்டு. அழிப்பானை எடுத்துவிட்டுப் பேனாவில் எழுதச் சொன்னேன். தவறினால் ஒரே ஒரு கோடு, பிறகு முன்னே போக வேண்டும். முதல் வாரம் ஒரு பக்கத்தில் 31 கோடு. எண்ணிச் சொன்னவன் அவனே. கடிகாரத்தை அவன் பக்கம் திருப்பாமல் என் பக்கம் திருப்பிவைத்தேன். ஐந்து நிமிடப் பயிற்சியில் தொடங்கி, வாரம் வாரம் சிறிது கூட்டி, செப்டம்பர் முடிவில் அரை மணி நேரம். கழிவறைக்குப் போவது நிற்கவில்லை. மூன்று நிமிடத்தில் வர ஆரம்பித்தான்.

துணைப்பாடத்தை இந்த முறை அவனை உட்காரவைத்துப் பேசினார்கள். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். ஏன் நிறுத்தினோம் என்பதை முதலில் சொன்னார், "உனக்கு முடியலன்னு இல்லப்பா, நீ தூங்கவே இல்ல, எங்களுக்குப் பயமா இருந்துச்சு" என்று. பிறகு எது வேண்டும் என்று கேட்டார்கள். அறிவியல் வேண்டும் என்றான். காரணம் அறிவியல் அல்ல, ஸ்லர்பி. அது நல்ல காரணம்தான் என்றேன். கணிதத்துக்குப் பள்ளியில் நடக்கும் கூடுதல் வகுப்பே போதும் என்று முடிவானது. இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பு.

அட்டவணை

2023 அக்டோபரில் ஆண்டிறுதித் தேர்வு. கணிதம் 53. பள்ளி, அடுத்த ஆண்டு கணிதத்தை அடித்தள நிலையில், அதாவது சுமை குறைந்த பாடமாக, எடுக்கலாமா என்று கேட்டது. வீட்டில் மறுபடியும் புயல். அம்மா அழுதுகொண்டே என்னை அழைத்தார். அடித்தள நிலையில் மிகச் சிறந்த மதிப்பான ஏ எடுத்தாலும் அது ஏஎல்6க்குச் சமமாகத்தான் எண்ணப்படும். இவன் இப்போதே 53 எடுத்து ஏஎல்6இல் இருக்கிறான். சுமை குறைவது உண்மை. ஆனால் சிநேகிதர்களைவிட்டு வேறு வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

அன்று இரவு குளிர்பதனப் பெட்டி முன்னால் நின்று பையன் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஆறுமாதமாகக் கண்முன்னே தொங்கியதுதான். திடீரென்று, "அம்மா, 45 எடுத்தாலும் ஆறு, 64 எடுத்தாலும் ஆறா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம். "அப்போ நான் எட்டு மார்க் குறைச்சு எடுத்தாலும் ஒண்ணும் ஆகாதா?"

அதே அட்டவணை. அம்மா அதில் பார்த்தது 64க்கும் 65க்கும் நடுவிலிருந்த கோட்டை. அவன் பார்த்தது 45க்கும் 64க்கும் நடுவிலிருந்த இருபது மதிப்பெண் அகலமான தரையை. ஆசிரியரோடு பேசி, வழக்கமான நிலையிலேயே தொடர்வது என்று முடிவு செய்தார்கள். மஞ்சள் கோடு போட்ட தாளை அம்மா எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று அச்செடுத்து ஒட்டினார், கோடு இல்லாமல். கிழித்துப் போட்டிருக்கலாமே என்றேன். "அவன் வேணும்னான் டீச்சர்."

தேர்வு ஆண்டு (2024)

இதில் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு இல்லை. 2023 முதல் எல்லா வகுப்புக்கும் எடுத்துவிட்டார்கள். பருவத்துக்கு ஒரு சிறு மதிப்பீடு உண்டு, பிள்ளைகள் வாயில் அது டபிள்யூஏ. ஒவ்வொரு டபிள்யூஏவுக்கு முன்னும் ஒரு திங்கட்கிழமை வயிறு வலித்தது, ஆனாலும் போனான். அப்பா வழிச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அத்தை மகளின் மொத்தம் 7 என்ற செய்தி பட்டாசுப் படங்களோடு சுற்றியது. அம்மா அதை அவனிடம் காட்டவில்லை, தங்கை காட்டிவிட்டாள். வீடென்றால் அப்படித்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்கும் பழக்கத்தை நிறுத்தப் பாடுபட்டவர் பாட்டி. அம்மா வாயைத் திறக்கும் முன்பே, "கண்ணு, ரீசஸ்ல என்னடா சாப்பிட்டே?" என்று முந்திக்கொள்வார்.

ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பரில் கேட்டல், செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வுகள். கணிதத் தாள் அன்று காலையில் இரண்டுமுறை வாந்தி. உடல்நிலை சரியில்லாமல் எழுத முடியாமல் போனால் மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வழி உண்டு என்று முன்பே ஆலோசகர் சொல்லியிருந்தார். அம்மா அதை அவனிடம் சொன்னார். "நான் போறேன்" என்றானாம். வழியும் தெரியும், போகவும் செய்தான்.

அக்டோபர் 31 தீபாவளி. முறுக்குத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தான். இரண்டு புருவமும் இருந்தன.

விளைவு

மதிப்பெண்ணைத் தேடி நேராக இந்தப் பகுதிக்கு வந்தவர்கள் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் படிப்பேன். ஆங்கிலம் 5, தமிழ் 4, அறிவியல் 6, கணிதம் 6. மொத்தம் 21.

20 வரை வந்தால் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் போஸ்டிங் குரூப் 3, மூன்று பிரிவுகளில் மேலானது. 21, 22 எடுத்தவர்கள் 2, 3 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு புள்ளி என்று அம்மா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், மறைக்கவில்லை. பிறகு மூவரும் கூடி இரண்டையே தேர்ந்தெடுத்தார்கள். ஏஎல்5 அல்லது அதைவிட நன்றாக எடுத்த பாடத்தை உயர்நிலை 1 முதலே மிகக் கடினமான ஜி3 நிலையில் படிக்கலாம் என்பதால் ஆங்கிலமும் தமிழும் ஜி3, கணிதமும் அறிவியலும் அதற்கு அடுத்த ஜி2. பழைய விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் இருந்தபோது இப்படிக் கலந்தெடுப்பது இவ்வளவு சுலபமில்லை. மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஸ்லர்பி சிநேகிதனும் அதே பள்ளி.

குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டேன். தேர்வு வாரத்தில் புருவம் மெலிகிறது. வயிறு வலிப்பதும் உண்டு. எம்சி எடுப்பதில்லை.

மறுபடியும் செய்வதானால்

கட்டுரையை அம்மாவிடம் காட்டும் முன் அவனிடம் சொல்லியிருப்பேன். ஆபத்து இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும், அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் "இதை அம்மாவிடம் காட்டப்போகிறேன், நீயும் கூட இரு" என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். நான் காட்டியது தெரிந்தபின் மூன்று மாதம் அவன் கட்டுரைகளில் எல்லாரும் தொலைந்த பணப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து நற்பெயர் பெற்றார்கள். உவமை எல்லாம் பொருந்தின.

துணைப்பாடத்தை ஒரே வாரத்தில் நிறுத்த விடமாட்டேன். ஆலோசகரை மே மாதத்திலேயே பார்க்க இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பேன். இரண்டு மாதம் வீணானது. திருத்தும்போது இப்போதெல்லாம் முதல்முறை பேனா இல்லாமல் படிக்கிறேன். நேரம் இரட்டிப்பாகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு குழுவைக் குறைத்துவிட்டேன்.

தங்கை இப்போது நான்காம் வகுப்பு. அவளையும் என்னிடம் சேர்க்க வேண்டும் என்று போன வாரம் அம்மா அழைத்தார். அவளைக் கேட்டீங்களா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இன்னிக்கு ராத்திரி கேக்குறேன் டீச்சர்."